கசக்கும் வேர்

கசப்பை விரும்பி உண்பவர் சிலரே. ஆயினும் கசப்பை முற்றிலும் விலக்கிவிட்ட சமையலறையை நம் நாட்டில் காண்பது அரிது. பாகற்காயும், சுண்டை வற்றலும், வேப்பம்பூவும் நம் உணவில் இடம் பெற்றிருக்கின்றன. உடம்புக்கு ஒன்று வந்துவிட்டாலோ நிலவேம்பும் கண்டங்கத்திரியும் அடுப்பிலே கொதிக்கத் தொடங்கிவிடுகின்றன. கசந்தால்தான் மருந்து என்னும் எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

இந்த எண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. செடிக்குக் கால் இல்லை. பகைவனைக் கண்டால் அதனால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் தடுப்பதற்கு அது கசப்பான பொருள்களைத் தன் உடலிலேயே உண்டாக்கிச் சேர்த்து வைக்கிறது. அவற்றுள் ஒரு வகையை இரசாயன அறிஞர்கள் ஆல்கலாய்டுகள் என்று அழைக்கிறார்கள். பூச்சியை விரட்டும் அதே பொருள் மனிதனுடைய நரம்பிலும் இதயத்திலும் வேலை செய்யக் கூடும். அளவாக இருந்தால் மருந்தாகும், அளவு மிஞ்சினால் நஞ்சாகும். ஆகவே நாவில் கசப்புத் தட்டும்போது, 'இங்கே வலிய பொருள் ஒன்று இருக்கிறது, கவனமாக இரு' என்று இயற்கை நம்மை எச்சரிக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

அவ்வாறு எச்சரிக்கும் வேர் ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனை வடமொழியில் சர்ப்பகந்தா என்பர். தமிழில் சர்ப்பகந்தி என்றும் பாம்புக்களா என்றும் வழங்குவர். மலையாள நாட்டில் அமல்பொரி என்பது அதன் பெயர். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி அது. இமயமலையின் அடிவாரத்திலும், பீகார், அஸ்ஸாம் பகுதிகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளிலும், இலங்கையிலும், பர்மாவிலும் பெரிய மரங்களின் நிழலில் அது வளர்கிறது. ஆளின் இடுப்பளவுக்கு மேல் உயர்வது அரிது. இலைகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகத் தண்டைச் சுற்றி அமைந்து பளபளப்பாக இருக்கும். சிவந்த காம்புகளில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் கொத்தாக மலரும். பழம் முதிர்ந்தால் கருநீல நிறம் கொள்ளும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு மூலிகைத் தோட்டத்திலே இச்செடியை நான் பார்த்திருக்கிறேன். மேலே பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகும் செடி. தோட்டத்தார் பிடுங்கிக் காட்டியபோதுதான் அதன் பெருமை மண்ணுக்குள்ளே இருக்கிறதென்பது விளங்கியது. விரல் பருமனுள்ள வேர், பாம்பு நெளிந்து படுத்திருப்பதுபோல் வளைந்து வளைந்து இறங்கியிருந்தது. உலர்ந்த வேரின் பட்டையில் ஒரு துணுக்கை எடுத்து நுனிநாவில் வைத்து உடனே துப்பிவிட்டேன். வாயை மும்முறை கொப்பளித்த பின்னும் அந்தக் கசப்பு நெடுநேரம் போகவில்லை. நீங்கள் யாரும் அவ்வாறு செய்து பார்க்க வேண்டா. இந்த வேரின் வலிமையெல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டையிலேயே அடங்கியிருக்கிறது.

இந்த வேருக்கு நம் முன்னோர் பல பயன்களைக் கூறினார்கள். காய்ச்சலுக்கும், வயிற்றுப் போக்குக்கும், வயிற்றுப் புழுவுக்கும், மகப்பேற்றின்போது வலி எழுவதற்கும் இதனைக் கொடுத்ததுண்டு. ஆயினும் இரண்டு பயன்களே நாடெங்கும் பெரிதாகப் பேசப்பட்டன. ஒன்று, இது பாம்புக் கடிக்கு மருந்து என்பது. மற்றொன்று, இது பித்துப் பிடித்தவர்களைத் தெளிவிக்கும் என்பது. ஒரே வேரைப் பற்றி, ஒரே முன்னோர், ஒரே நம்பிக்கையோடு சொன்ன இரண்டு செய்திகள் இவை. அவை இரண்டும் சோதனைக் களத்திலே என்ன ஆயின என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

முதலிலே பாம்பின் கதையைப் பார்ப்போம். நாகத்தோடு சண்டைக்குச் செல்லும் கீரி முதலில் இந்தச் செடியின் தழையைத் தின்று விட்டுத்தான் செல்லும் என்றும், அதனாலேயே நஞ்சு அதனைத் தீண்டுவதில்லை என்றும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கேட்பதற்கு அழகான கதை. ஆனால் கீரியின் பாதுகாப்பு எந்தச் செடியிலும் இல்லை. அதன் உடம்பிலேயே இருக்கிறது. நாகத்தின் நஞ்சு நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலே, பூட்டில் சாவி பொருந்துவதுபோல் ஒரு புரதத்தில் சென்று பொருந்தித் தசையைச் செயலறச் செய்கிறது. கீரியின் உடலில் அந்தப் பூட்டின் அமைப்பே சற்று வேறாக இருக்கிறது. ஆகவே சாவி எளிதில் பொருந்துவதில்லை. இதனோடு அதன் வேகமும் அடர்ந்த மயிரும் சேர்ந்துகொள்கின்றன. மனிதன் எத்தனை வேரைத் தின்றாலும் அவனுடைய பூட்டு மாறப் போவதில்லை.

கடித்த பாம்பு நஞ்சற்றதாக இருந்தாலும், நச்சுப் பாம்பே கடித்து நஞ்சு அதிகம் இறங்காமல் போயிருந்தாலும், மனிதன் வேரில்லாமலே பிழைத்துவிடுவான். பிழைத்தவன் வேரைப் புகழ்வான்; இறந்தவன் வந்து சாட்சி சொல்வதில்லை. பொய்யான மருந்துகள் பல நூற்றாண்டுகள் வாழ்வதற்கு இதுவே காரணம். 2000ஆம் ஆண்டு முதல் 2019ஆம் ஆண்டு வரை இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் உழவர்கள், பலர் இளைஞர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மாற்று, நஞ்சுமுறி மருந்து ஒன்றே. அதனைச் செய்வதற்கு வேண்டிய நஞ்சை 1978ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்து உதவி வந்திருக்கின்றனர். காட்டையும் பாம்பையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த மக்களின் கைத்திறன் அங்கே உயிர் காக்கிறது. அதுவும் பாரம்பரிய அறிவுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. கடிபட்டவரை வேரைத் தேடி ஓட விடாமல் மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு சேர்ப்பதே நம் கடமை.

முன்னோர் சொன்ன முதற் செய்தி இவ்வாறு சோதனையில் தோற்றது. இத்தோடு அந்த வேரையே குப்பையில் எறிந்திருந்தால் எவ்வளவு பெரிய பிழை நேர்ந்திருக்கும் என்பதை இனிப் பார்ப்போம்.

பீகார் மாநிலத்துக் கடைத்தெருக்களில் இந்த வேரைப் 'பாகல் கா தவா' என்று சொல்லி விற்பது வழக்கமாக இருந்தது. பாகல் என்றவுடன் நமக்குப் பாகற்காயும் அதன் கசப்பும் நினைவுக்கு வரும். இந்தியிலோ பாகல் என்றால் பித்தன் என்று பொருள். பித்தனின் மருந்து என்பதே அந்தப் பெயரின் கருத்து. அழுது அடம் பிடிக்கும் குழந்தையைத் தூங்கவைக்கத் தாய்மார்கள் இந்த வேரைக் கையாண்டதும் உண்டு. படித்த மருத்துவர்கள் பலர் இதனைக் கேட்டுச் சிரித்தார்கள். சிலர் மட்டும் சிரிக்காமல் நின்று கேட்டார்கள்.

அவர்களுள் ஒருவர் டெல்லியிலே புகழ்பெற்ற யூனானி மருத்துவராக விளங்கிய ஹக்கீம் அஜ்மல் கான். 1921ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் அவர். நம் நாட்டு மருந்துகளை மேனாட்டு விஞ்ஞான முறையில் ஆராய வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இளைஞர் ஜெர்மனியில் இரசாயனம் பயில உதவினார். சித்திக்கி 1927ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டின் இறுதியிலேயே அஜ்மல் கான் காலமானார். நாடு திரும்பிய சித்திக்கி, டெல்லி திப்பியா கல்லூரியில் சர்ப்பகந்தி வேரை ஆராயத் தொடங்கினார். 1931ஆம் ஆண்டில் தம் சகோதரருடன் சேர்ந்து அவ்வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அவற்றுள் ஒன்றுக்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். தம்மை வளர்த்துவிட்டவருக்கு ஓர் இரசாயன அறிஞர் செய்யக்கூடிய சிறந்த நன்றி அது. இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைச் சீர்படுத்துவதற்கு அஜ்மலின் பிற்காலத்தில் பயன்பட்டது. மறைந்து கிடக்கும் ஒருவகை இதயக் கோளாற்றை வெளிப்படுத்திக் காட்டும் சோதனைக்கு இன்றும் பல நாட்டு மருத்துவமனைகளில் அதனைக் கையாளுகிறார்கள்.

அதே 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவிலே கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்ப்பகந்தி வேரின் தூளைச் சித்தப்பிரமை கொண்டவர்களுக்கும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் கொடுத்துக் கண்ட பலனை அதில் விவரித்தார்கள். வேர் பித்தத்தைத் தணிப்பது மட்டுமன்று, இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்பது தெரியவந்தது. கல்கத்தா வெப்பநாட்டு நோய் மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா நடத்திய சோதனைகளும் இதனையே காட்டின. ஆனால் வெளிநாட்டார் இதனை அப்போது பொருட்படுத்தவில்லை.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1949ஆம் ஆண்டில் பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்புள்ள 50 நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட முடிவுகளை இங்கிலாந்தின் இதயநோய் மருத்துவ இதழில் வெளியிட்டார். அழுத்தம் எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது, எத்தனை நாளில் குறைந்தது, என்ன தொல்லைகள் நேர்ந்தன என்று ஒவ்வொன்றையும் அளந்து எழுதியிருந்தார். அந்த அளவுகோல்தான் உலகத்தின் கண்ணைத் திறந்தது. பாஸ்டன் நகரத்து மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் தம் நோயாளிகளுக்கு இம்மருந்தைத் தந்தார். அழுத்தம் குறைந்ததோடு, நோயாளிகளிடம் தூக்க மயக்கமில்லாத ஓர் அமைதியும் உண்டாவதைக் கண்டு வியந்தார்.

இதற்கிடையில் சுவிட்சர்லாந்தில் பேசல் நகரத்துச் சீபா நிறுவனத்தில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதுவரை இரசாயன அறிஞர் பலர் எளிதில் படிகமாகும் பகுதிகளையே நாடினார்கள். பிசின்போல் ஒட்டும் பகுதியில் கவனம் குறைவாகவே இருந்தது. அந்தப் பகுதியில்தான் மனத்தை அமைதிப்படுத்தும் பொருள் ஒளிந்திருந்தது. 1952ஆம் ஆண்டில் முல்லர், ஷ்லிட்லர், பெயின் என்னும் மூவர் அதனைத் தூய வடிவில் பிரித்தெடுத்து 'ரெசர்பின்' என்று பெயரிட்டார்கள். சர்ப்பம் என்னும் சொல்லின் எதிரொலி அந்தப் பெயரிலும் கேட்கிறது. 1956ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் உட்வர்ட் ரெசர்பினைச் செடியின் உதவியின்றி ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். 1965ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற மாபெரும் இரசாயன மேதை அவர்.

அக்காலத்து மனநோய் விடுதிகள் எவ்வாறு இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால்தான் இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு விளங்கும். பூட்டிய அறை, கட்டிய கை, ஓயாத ஓலம் - பல இடங்களில் நிலைமை இதுதான். 1954ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் என்னும் மருத்துவர், ராக்லண்டு மனநோய் மருத்துவமனையில் ரெசர்பினைக் கொடுத்துக் கண்ட பலனை அறிவித்தார். கட்டவிழ்த்து விட முடியாது என்று கருதப்பட்டவர்களிற் சிலர் அமர்ந்து பேசினார்கள். பாரிஸில் 1952ஆம் ஆண்டில் கையாளப்பட்ட குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தும் ரெசர்பினும் சேர்ந்து, மனநோயையும் மருந்தால் தணிக்கலாம் என்னும் நம்பிக்கையை உலகத்துக்கு அளித்தன. கடைத்தெருவில் 'பித்தனின் மருந்து' என்று கூவி விற்றவன் பொய் சொல்லவில்லை.

இந்த மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது? நம் நரம்புகளின் நுனியில் மிக மிகச் சிறிய பைகள் இருக்கின்றன. நெற்குதிர்போல் அவற்றில் சில பொருள்கள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். நரம்பு கட்டளையிடும்போது குதிர் திறந்து அப்பொருள் வெளிப்பட்டு, இரத்தக் குழாயைச் சுருங்கச் செய்யும்; மூளையிலே கிளர்ச்சியை உண்டாக்கும். ரெசர்பின் இந்தக் குதிரின் வாயை அடைத்துவிடுகிறது. புது நெல் உள்ளே சேர்வதில்லை. வெளியே கிடப்பதும் வீணாகிறது. சில நாட்களில் குதிர் வெறுமையாகிறது. ஆகவே இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, மனமும் அடங்குகிறது. மருந்தின் முழுப் பலன் தெரியப் பல நாள் ஆவதற்கும், மருந்தை நிறுத்திய பின்னும் பலன் நீடிப்பதற்கும் இதுவே காரணம். குதிர் காலியாகவும் காலம் வேண்டும். மறுபடி நிரம்பவும் காலம் வேண்டும்.

ஆனால் குதிர் காலியானால் வீட்டில் அமைதி மட்டுமா இருக்கும்? பசியும் இருக்குமல்லவா? மருந்து மிகுந்தபோது சிலருக்கு மனச்சோர்வு உண்டாயிற்று; வாழ்வே வேண்டாமென்னும் எண்ணமும் சிலரிடம் தோன்றியதாக மருத்துவர் எழுதினர். இதற்கு மருந்துதான் காரணமா என்று பிற்கால அறிஞர்கள் ஐயுற்றாலும், எச்சரிக்கை நீங்கவில்லை. மூக்கடைப்பு, வயிற்றுப்புண் போன்ற தொல்லைகளும் உண்டாயின. சிலருக்குக் கைகால் நடுங்கி விறைத்தன. பார்க்கின்சன் நோயாளியைப்போல் நடந்தார்கள்.

இந்தத் தீமையிலிருந்தும் ஒரு நன்மை பிறந்தது. சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் 1957ஆம் ஆண்டில் ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பா என்னும் பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. மூளையின் குதிரில் தீர்ந்துபோன பொருள் டோப்பமின் என்பது இதிலிருந்து துலங்கலாயிற்று. பார்க்கின்சன் நோய்க்கு இன்றளவும் முதன்மையான மருந்தாக விளங்கும் லெவோடோப்பாவுக்கு இந்த வழியே பாதை திறந்தது. கார்ல்சன் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார்.

இரத்தக் கொதிப்பை மருந்தால் குறைத்தால் பக்கவாதமும் இதயத் தளர்ச்சியும் குறையும் என்பதைச் சோதனையால் முதன்முதலில் நிலைநாட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று, 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 143 பேரை வைத்து நடத்தி வெளியிடப்பட்டது. அதிலே கொடுக்கப்பட்ட மூன்று மருந்துகளுள் ரெசர்பினும் ஒன்று. பின்னர்த் தொல்லை குறைந்த மருந்துகள் பல வந்துவிட்டமையால், இப்போது மருத்துவர்கள் ரெசர்பினை அரிதாகவே எழுதிக் கொடுக்கிறார்கள். அது வகுத்த வழியிலே வேறு மருந்துகள் நடக்கின்றன.

இந்தப் புகழுக்கு விலை கொடுத்தது செடிதான். உலகமெங்கும் வேருக்குத் தேவை எழுந்தபோது காடுகளில் அதனைக் கண்டவரெல்லாம் பிடுங்கினார்கள். இலையைப் பறித்தால் செடி மறுபடி தழைக்கும். வேரைப் பறித்தால் செடியே இல்லை. அதன் விதைகளிலும் பல முளைப்பதில்லை. அழிவு அண்டியதை உணர்ந்து, 1990ஆம் ஆண்டில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குரிய உயிர்களின் பட்டியலில் இச்செடியைச் சேர்த்தார்கள். இப்போது தோட்டங்களில் பயிரிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் வளரும் இதன் உறவுச் செடி ஒன்றிலிருந்தும் ரெசர்பின் எடுக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, முன்னோர் சொன்னதெல்லாம் உண்மை என்று கைகூப்புவோர் நம்மிடையே உண்டு. முன்னோர் சொன்னதெல்லாம் மூடத்தனம் என்று கைகொட்டிச் சிரிப்போரும் உண்டு. இந்த வேரின் வரலாறு இருவருக்கும் இடம் தரவில்லை. முதலாமவர் பேச்சைக் கேட்டிருந்தால் பாம்பு தீண்டியவன் வேரைக் கையில் பிடித்தபடியே இறப்பான். இரண்டாமவர் பேச்சைக் கேட்டிருந்தால் ரெசர்பினும் அஜ்மலினும் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும். அஜ்மல் கானும் சித்திக்கியும், சேனும் போஸும், வக்கீலும் மூன்றாவது வழியிலே சென்றார்கள். மரியாதையோடு கேட்டார்கள்; கேட்டதை அளந்து பார்த்தார்கள்; கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார்கள்.

உங்கள் ஊரிலும் மூலிகை அறிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் சென்று அமருங்கள். எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்தப் பருவத்தில், எந்த நோய்க்கு என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அவர் காலத்துக்குப் பின் அதைச் சொல்ல ஆள் இராது. ஆனால் குறித்ததை உங்கள் உடம்பிலோ பிறர் உடம்பிலோ சோதித்துப் பார்த்துவிடாதீர்கள். சர்ப்பகந்தி வேரை மருத்துவர் கண்காணிப்பின்றி உண்பது உயிருக்கே ஆபத்து. சோதிப்பதற்கு ஒரு படிப்பும் ஒழுங்கும் வேண்டும். அந்தப் படிப்பை நீங்கள் படியுங்கள். நாளை உங்களில் ஒருவர் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து, அதில் எழுதியுள்ள பத்தில் எது மெய், எது பொய் என்று நாட்டுக்குச் சொல்லக் கூடும்.